ஓடை என்றொரு ஆறு

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு 23 வயது, கோவையில் வேலை. பழைய ஆர்பிஜி கேம்களை, அதாவது ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் கணினி விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மாரோவிண்ட் என்ற கேமை வாங்கி ஆடிப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் முடியவில்லை. கண்ணெதிரே நண்டின் மேல் வாள் படுகிறது, ஆனால் அடி விழவில்லை. எங்கே போக வேண்டும் என்று காட்ட ஓர் அம்புக்குறிகூட இல்லை. பக்கத்தில் யூடியூப் வீடியோவை ஓடவிட்டுக்கொண்டு பால்மோரா என்ற ஊரை நோக்கி நடந்தேன். அப்படியும் நடுவழியில் தொலைந்துபோய் அணைத்துவிட்டேன். முகங்கள் மரப்பொம்மை மாதிரி இருக்கின்றன. பழைய கேம்கள் இன்றைக்கும் தாக்குப்பிடிக்கின்றனவா, இல்லை உங்கள் வயதுக்காரர்களின் இளமை நினைவுதான் அவற்றைத் தூக்கிப்பிடிக்கிறதா? புதுப்பித்த பதிப்புகளை மட்டும் ஆடினால் போதுமா? எதில் தொடங்கலாம் என்று ஒரு பட்டியல் தர முடியுமா? என்னால் ரசிக்க முடியாதது என் குறைதானோ என்றும் தோன்றுகிறது.

நவீன்

அன்புள்ள நவீன்,

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் குறை இல்லை. 23 வயதில் ஒருவர் 2002இல் வந்த கேமைக் காசு கொடுத்து வாங்கி, பிடிக்கவில்லையே என்று வருத்தப்பட்டு எழுதுவது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அந்த வருத்தத்தை விட்டுவிடாதீர்கள்.

வாள் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். மாரோவிண்டில் அடி விழுமா என்பதைத் தீர்மானிப்பது பகடை. ஆயுதத்தில் உங்களுக்குள்ள தேர்ச்சி, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம், உடம்பில் மிச்சமிருக்கும் தெம்பு எல்லாவற்றையும் சேர்த்து உள்ளே ஒரு கணக்கு ஓடும். 1974இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் வழிவந்த பழக்கம் அது. மாரோவிண்டின் தலைமை வடிவமைப்பாளர் கென் ரோல்ஸ்டனே மேசை விளையாட்டுகள் எழுதியவர்தான். 1997இல் வந்த ஃபால்அவுட் என்ற கேமிலும் இதே பகடைதான், ஆனால் அங்கே சுடுவதற்கு முன்பே நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று எண்ணைக் காட்டிவிடுவார்கள். தவறினால் ஏன் தவறியது என்று தெரியும். மாரோவிண்ட் உங்களை நீங்கள் ஆடும் ஆளின் கண்ணுக்குள்ளேயே உட்காரவைத்துவிட்டுப் பகடையை ஒளித்துவைத்தது. கண் ஒன்று சொல்கிறது, கணக்கு வேறொன்று சொல்கிறது. அது பிழை. வந்த நாளிலேயே பிழைதான், வயதானதால் வந்த பிழை இல்லை. ஆனால் நீங்களும் வழி முழுக்க ஓடியே போயிருப்பீர்கள். ஓடினால் திரையின் மூலையில் இருக்கும் பச்சைக்கோடு கரையும். அது காலியாக இருக்கும்போது வாளை வீசினால் நண்டுகூட பிழைத்துக்கொள்ளும். நடந்து போங்கள்.

முகங்கள் மரப்பொம்மைதான். மூன்றாம் நாள் பழகிவிடும். புதுப்பித்த பதிப்பெல்லாம் தேட வேண்டாம். ஆர்வலர்கள் எழுதிய ஓப்பன்எம்டபிள்யூ என்ற எஞ்சின், அதாவது கேமை ஓடவைக்கும் மென்பொருள் இருக்கிறது. நீங்கள் வாங்கிய கோப்புகளை அதில் போட்டால் இன்றைய கணினியில் நன்றாக ஓடும்.

சரி, அந்த வீடியோவுக்கு வருவோம். அதை ஏன் திறந்தீர்கள்? இதை நான் கோபமாகவேதான் கேட்கிறேன். வழி தெரியவில்லை என்கிறீர்கள். செய்டா நீன் துறைமுகத்தில் உங்களைக் கப்பலிலிருந்து இறக்கிவிட்டபோது கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார்களே, கூடவே ஒரு தாளும் கொடுத்தார்களே, அதைப் படித்தீர்களா? பொட்டலத்தை யாரிடம் சேர்க்க வேண்டும், அந்த ஊருக்கு எப்படிப் போவது, அங்கே போய் எங்கே விசாரிப்பது என்று எழுதியிருக்கும். ஊருக்குள்ளேயே ஸில்ட் ஸ்ட்ரைடர் நிற்கும், ஆளை ஏற்றிக்கொண்டு போகும் ராட்சதப் பூச்சி. காசு கொடுத்து ஏறினால் பால்மோராவில் இறக்கிவிடும். உங்களுக்கு வழி சொல்லியிருந்தார்கள், நவீன். நீங்கள் அதைக் கேட்காமல், அந்த ஊரில் இல்லாத ஒருவரின் வீடியோவைப் பார்த்தபடி நடந்திருக்கிறீர்கள்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பிருந்தே ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் பார்சல் கொண்டுவந்த பையன் போன் செய்தான். வரைபடம் அவனைப் பின்தெருவில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. "மாவு மில்லைத் தாண்டினதும் ஒரு அரசமரம் வரும் தம்பி, அதுக்கு எதிர்ச்சந்து" என்று ஆரம்பித்தேன். "வழியெல்லாம் சொல்லாதீங்க சார், லொகேஷன் அனுப்புங்க" என்றான். அவன்மேல் வருத்தம் இல்லை, அவனுக்கு அன்றைக்கு இன்னும் எத்தனை வீடோ. ஆனால் 'வழியெல்லாம் சொல்லாதீங்க' என்ற வார்த்தை அப்படியே தங்கிவிட்டது. ஏனென்றால் என் அப்பா தபால்காரர்.

கும்பகோணத்துக்குத் தெற்கே இருக்கும் கிராமங்களில் 30 வருஷம் சைக்கிளில் பட்டுவாடா செய்தவர். வழி கேட்டு யார் வந்தாலும் அவர் முதலில் செய்வது, கேட்டவரை ஒரு நிமிஷம் பார்ப்பது. வயசானவர் என்றால் நிழல் இருக்கும் வழியைச் சொல்வார், கொஞ்சம் சுற்றாக இருந்தாலும். பிள்ளைகளுக்கு நாய் இல்லாத தெருவழி. இருட்டிய பிறகு வருகிறவருக்கு மதகையோ மரத்தையோ அடையாளம் சொல்ல மாட்டார், கண்ணுக்குத் தெரியாதே. ரைஸ்மில் சத்தம் கேட்கும் வரை போங்க, அப்புறம் வாய்க்கால் தண்ணி சத்தம் இடது பக்கம் வரும் என்பார். ஒரே வீட்டுக்கு மூன்று பேருக்கு மூன்று வழி சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

2003இல் ஓய்வு பெற்றார். அடுத்த வருஷம் ஒரு நண்பன் எனக்கு மாரோவிண்ட் சிடியைக் கொடுத்தான். கேமோடு பெட்டியில் வரும் காகித வரைபடம் எங்களிடம் இல்லை, வெறும் சிடிதான். அப்பா என் பின்னால் நாற்காலி போட்டு உட்காருவார். ஆங்கிலத்தில் விலாசம் படிப்பார், வாக்கியம் படிக்க வராது. நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்பார். முதல் வேலையே பொட்டலத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாமா என்றேன். "அடுத்தவன் தபாலைப் பிரிக்கறதா?" என்று அதட்டினார். பால்மோராவில் இறங்கியதும், தாளில் சொன்ன மதுக்கடையைத் தேடி, பொட்டலம் போய்ச் சேர வேண்டிய காயஸ் கொசாடஸ் என்பவரின் வீடு எது என்று அங்கே விசாரித்துக் கதவைத் தட்டினோம். "ஆளைப் பார்த்துக் கையில குடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்து தூங்கப் போனார்.

மறுநாள் அவரே வந்து உட்கார்ந்தார். அடுத்த வேலை, ஹாஸ்ஃபாட் என்ற ஆளுக்காக ஒரு பழைய இடிபாட்டிலிருந்து டுவெமர்களின் புதிர்ப்பெட்டியைக் கொண்டுவருவது. டுவெமர்கள் மறைந்துபோன ஓர் இனம். ஹாஸ்ஃபாட் வழி சொன்னார்: ஊருக்குத் தெற்கே இறங்கி ஆற்றைக் கடக்க வேண்டும். மூன்மோத் கோட்டையைத் தாண்டினால் எரிமலைக்குழம்பு ஓடிய பள்ளம் வரும். அதன்மேல் டுவெமர்கள் கட்டிய பழைய பாலம். அந்தப் பக்கம் மலையில் இடிபாடு. ஆற்றின் பெயரை நான் வாசித்தேன், ஓடை. "ஆத்துக்கே ஓடைன்னு பேரா?" என்று அப்பா அப்படிச் சிரித்தார். அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்திருக்காது. எங்களுக்குக் கேம் நடக்கும் அந்தத் தீவே சொந்த ஊர் ஆகிவிட்டது. தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஓடை என்று தமிழில் எழுதி, வளைவாக ஒரு கோடு போட்டு, குறுக்கே பாலம் போட்டார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கோட்டைக்கு ஒரு சதுரம், இடிபாட்டின் கதவைத் திறக்கும் திருகுக்கு ஒரு சின்ன வட்டம்.

அந்தப் பெட்டியைக் கண்டுபிடிக்க மூன்று சாயங்காலம் ஆனது. கைக்குள் அடங்கும் சின்னக் கனசதுரம், இருட்டு அறையில் ஓர் அலமாரித் தட்டில் கிடக்கும். நான் நான்கு தடவை அந்த அறையைக் கடந்து போயிருக்கிறேன். பார்த்தவர் அப்பாதான்.

கேமில் சிலர் சொல்லும் வழி தெளிவாக இருக்காது, தப்பான வழிகளும் உண்டு. அப்படி ஒருமுறை அலைந்தபோது அப்பா சொன்னார்: "இவன் அந்தப் பக்கம் போனதே இல்லை. யாரோ சொன்னதைச் சொல்றான்." எழுதியவர்களின் கவனக்குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அந்த ஆள் ஒரு மனிதராகிவிட்டார், வெளியூரே போகாமல் வெளியூர் வழி சொல்கிற மனிதர்.

நீங்கள் கேட்ட அம்புக்குறி, மாரோவிண்ட் இருக்கும் கேம் வரிசையில் அடுத்து வந்த 2006இன் ஒப்லிவியனில் வந்தது. கூடுதலாக ஒரு வசதிதானே, அதனால் என்ன என்று கேட்பீர்கள். வசதி வந்ததும் என்ன போயிற்று என்று பாருங்கள். மாரோவிண்டில் பெரும்பாலான பேச்சு எழுத்தில்தான் இருக்கும். யாரை நிறுத்தியும் குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட ஆள் என்று விசாரிக்கலாம், பத்து வரியில் பதில் வரும். ஒப்லிவியனில் எல்லாப் பேச்சையும் நடிகர்கள் பேசினார்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒலிப்பதிவு, செலவு, இடம். பாலத்தையும் கோட்டையையும் விவரித்து யார் பேசிக்கொண்டிருப்பார்கள்? அம்புக்குறிதான் காட்டிவிடுமே. அதே வரிசையில் 2011இல் வந்த ஸ்கைரிமில் அம்புக்குறியை அணைத்துவிட்டு ஆட முயற்சி செய்யுங்கள். பாதி இடங்களில் சிக்கிக்கொள்வீர்கள், உங்களுக்குத் திறமை இல்லாததால் இல்லை, அங்கே யாரும் உங்களுக்கு வழியே சொல்லியிருக்க மாட்டார்கள். அம்புக்குறி வந்ததும் வழி சொல்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு இதில் உள்ள துக்கம் அதுதான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 2022இல் வந்த எல்டன் ரிங்கில் பணிகளுக்கு இப்படிக் குறி எதுவும் கிடையாது. ஒரே வருஷத்தில் 2 கோடிப் பிரதிகள் விற்றன. வாங்கியவர்களில் உங்கள் வயதுக்காரர்கள் எத்தனை பேர்! உங்களால் முடியும்.

பட்டியல் கேட்டீர்கள். ஃபால்அவுட் ஆடுங்கள். 1999இன் பிளேன்ஸ்கேப் டார்மென்ட்டைப் புத்தகம் படிக்கிற மாதிரி ஆடுங்கள், சண்டைகள் அன்றே சலிப்புதான். 1985இன் அல்டிமா 4இல் பார்வையில்லாத மூலிகைக்காரி ஒருத்தி வருவாள். எவ்வளவு காசு கொடுக்கிறீர்கள் என்பதை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். குறைத்துக் கொடுத்தால் அவளுக்குத் தெரியாது, கேம் மட்டும் மறக்காது. இன்னொரு நாள் அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். நீங்கள் அணைத்துவைத்த அந்த ஆட்டத்தைத் திறங்கள், புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். வீடியோவை மூடிவிடுங்கள், பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் போதும். காயஸ் கொசாடஸுக்குப் போக வேண்டிய பொட்டலம் இன்னும் உங்கள் பையில்தான் இருக்கிறது. அதை அவர் கையில் கொடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.