கைபேசி வந்தபிறகு மதுரைப் பிள்ளைகள் தமிழை மறந்துவிடுகிறார்களா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் இங்கே தமிழ்ச் சங்கம் தொடங்கினார். ஏட்டுச்சுவடிகளைத் திரட்டுவதும் நூல்களை அச்சேற்றுவதும் அப்போது பெரிய வேலை. 1998 பொங்கலன்று இணையத்தில் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' அதன் அடுத்த படி என்பேன். எங்கெங்கோ இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல், பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, இலவசமாகத் தந்தார்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவாத காலம் அது. ஒருவர் அடித்தது இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்தச் சிரமத்திலும் விடவில்லை. அதனால்தான் இன்று உசிலம்பட்டியில் பேருந்துக்கு நிற்கும் ஒரு மாணவி சங்கப் பாடலைக் கைபேசியிலேயே படிக்க முடிகிறது.

சரி, கருவி இருந்தால் போதுமா? போதாது. பள்ளியில் யாராவது ஒருவர் அந்தப் பாடலை ரசித்துச் சொல்லித்தர வேண்டும். தேர்வுக்கு மனப்பாடம் செய்ய மட்டும் கைபேசியைக் கொடுத்தால் தமிழ் ஒட்டாது. என் கவலை அதுதான்.

நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். அப்புறம் அகழாய்வு நடந்த கீழடி. பெயர் கீறிய பானை ஓடுகளை நேரில் பார்த்த பிள்ளை வீட்டுக்கு வந்து தானே இணையத்தில் தேடும்.