கையெழுத்து வாங்கினால் போதாதா?

ஆப்பிரிக்க மரபணு ஆய்வுகளில் ஒப்புதல் படிவம் இருக்கும்போது, அறநெறி ஆய்வாளர் தனியாக எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். படிவம் மட்டும் போதவே போதாது.

2010இல் நமீபியாவின் சான் என்ற பழங்குடி மக்கள் நால்வரின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்தது. நால்வரும் சம்மதித்தவர்கள்தான். ஆனால் வெளியானதோ சமூகம் முழுவதையும் தொடும் தகவல். எங்களைக் கேட்கவே இல்லையே என்று சான் தலைவர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது.

அப்புறம், 2017இல் தென்னாப்பிரிக்க சான் மக்கள் தாங்களே ஓர் ஆய்வு நெறிமுறை எழுதினார்கள். ஆய்வாளர் பேசும் மொழி தெளிவாக இருக்க வேண்டும், படிப்பாளிகளின் மொழியாக இருக்கக்கூடாது என்று அதிலேயே இருக்கிறது.

சேமித்த ரத்தத்தை நாளை யார், எதற்குப் பயன்படுத்தலாம்? சமூகத்தின் சார்பில் யார் முடிவெடுப்பது? ஆப்பிரிக்க மக்களின் மரபணுவையும் நோய்களையும் ஆராய்ந்து 2022இல் முடிந்த எச்3ஆப்பிரிக்கா போன்ற பெரிய திட்டங்களில் இந்தக் கேள்விகளை ஊர் மக்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் அறநெறி ஆய்வாளரின் வேலை.