பழைய டெஸ்க்டாப்புக்கு எந்த மதர்போர்டு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போர்டு போய்விட்டது, எதை வாங்கலாம் என்று எழுதுபவர்களில் பலர் பிராசஸர் எது என்று சொல்வதே இல்லை. இன்டெல் 'ஐ5' என்று மட்டும் எழுதினால் போதாது, அதற்குப் பின்னால் வரும் எண்களும் வேண்டும். எந்த போர்டு என்பதை அந்த எண்கள்தான் முடிவு செய்கின்றன.

ஐ5-3470, எச்61 போர்டு, 8 ஜிபி ரேம். திடீரென்று ஆன் ஆகவில்லை. சர்வீஸ்காரர் போர்டு போய்விட்டது, புது எச்61 போட்டுத் தருகிறேன் என்கிறார். போடலாமா? (மதுரை)

முதலில் போனது போர்டுதானா என்று பாருங்கள். ஓடுகிற வேறொரு கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸை (கரண்ட் தரும் பெட்டி) மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பிராசஸரும் ஒரே ஒரு ரேமும் மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். ரேமின் தங்க நிறக் காலை ரப்பர் வைத்துத் தேய்த்தாலே உயிர் பெற்ற கணினிகள் நிறைய உண்டு. பிராசஸரைச் சுற்றியுள்ள கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ சர்வீஸ்காரர் சொல்வது சரிதான். பிராசஸர் தானாகச் சாவது அபூர்வம்.

போர்டுதான் என்று உறுதியானால், உங்களுடையது எல்ஜிஏ 1155 சாக்கெட் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்). எச்61, பி75, எச்77, இசட்77 சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கும் முக்கியச் சிப்) உள்ள போர்டுகள் எல்லாம் பொருந்தும். கடையில் 'புதுசு' என்று பெட்டியோடு தரும் எச்61-ஐக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். அந்தச் சிப்செட் 2011-இல் வந்தது. பழைய போர்டுகளிலிருந்து எடுத்த சிப்செட்டை வைத்துச் செய்தவையும் இப்படி விற்கப்படுகின்றன. ஓடாது என்று சொல்லவில்லை. பில்லும் வாரண்டியும் எழுத்தில் தந்தால் வாங்குங்கள், வாய்ப்பேச்சு வாரண்டி என்றால் வேண்டாம்.

எனக்கென்றால் பழைய பி75 போர்டைத் தேடுவேன். அதில் டிஸ்க் மாட்டும் வேகமான சாட்டா 3 போர்ட் ஒன்றும், யுஎஸ்பி 3.0-வும் சிப்செட்டிலேயே உண்டு. எச்61-இல் இரண்டும் கிடையாது, எஸ்எஸ்டி போட்டாலும் அதன் முழு வேகம் வராது. எந்த போர்டு போட்டாலும் இந்தப் பிராசஸர் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 14 அக்டோபர் 2025-உடன் முடிந்துவிட்டது. லினக்ஸ் போட்டு பிள்ளைகள் படிக்க, படம் பார்க்க வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதில் போடும் பணத்தில் ஒரு ரூபாய்கூட அடுத்த கணினிக்கு உதவாது என்பதை மனதில் வைத்துச் செலவு செய்யுங்கள்.

ஐ5-8400-க்கு எச்110 போர்டு வாங்கினேன். சரியாக உட்கார்ந்தது, ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. பிராசஸர் போய்விட்டதா? (திருப்பூர்)

இல்லை. இரண்டுமே எல்ஜிஏ 1151 என்றாலும் எச்110 ஆறாம், ஏழாம் தலைமுறைக்கு உரியது, உங்கள் 8400 எட்டாம் தலைமுறை. எட்டு, ஒன்பதாம் தலைமுறைக்கு இன்டெல் அதே சாக்கெட்டில் பின்களின் அமைப்பை மாற்றி 300 வரிசைச் சிப்செட்டுகளைக் கொண்டுவந்தது. உங்களுக்கு வேண்டியது எச்310, பி360, பி365 மாதிரி ஒன்று. கடையில் திருப்பித் தரும்போது சாக்கெட்டின் மேல் இருந்த பிளாஸ்டிக் மூடியையும் மாட்டிக் கொடுங்கள், அது இல்லாவிட்டால் திரும்ப எடுக்க யோசிப்பார்கள்.

அலுவலகத்தில் கழித்துக்கட்டிய டெல் ஆப்டிபிளெக்ஸ் 3020. போர்டு அவுட். சாதாரண எச்81 போர்டு போட முடியுமா? (நாகர்கோவில்)

பிராசஸருக்குப் பொருந்தும், பெட்டிக்குப் பொருந்தாது. இந்த மாடலில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு வரும் முக்கிய வயர் 8 பின், வெளியில் விற்கும் போர்டுகளில் அது 24 பின். பவர் பட்டன், முன்பக்க யுஎஸ்பி வயர்களின் கனெக்டரும் டெல் தனக்கென்று வைத்துக்கொண்ட அமைப்பு. ஆக, எச்81 போட்டால் கேபினெட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் கூடவே வாங்க வேண்டும். அதற்குப் பதில் அதே மாடலின் பழைய போர்டையே தேடுங்கள், அல்லது ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து விற்கும்) கடையில் முழுக் கணினியாகவே ஒன்றை எடுத்து உங்கள் ரேமையும் டிஸ்க்கையும் அதில் போடுங்கள். எச்பி, லெனோவோ அலுவலகக் கணினிகள் பலவற்றிலும் இதே கதைதான்.

ஆறாம் தலைமுறை போர்டு போய்விட்டது. 16 ஜிபி டிடிஆர்4 ரேம் நன்றாக இருக்கிறது. போர்டும் பிராசஸரும் புதிதாக வாங்க உத்தேசம். இன்டெல்லா, ஏஎம்டியா? (கோவை)

ரேமைக் காப்பாற்றுவதுதான் இங்கே முக்கியம், அதுவும் 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு. இன்டெல்லில் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரை ஓடும் எல்ஜிஏ 1700 போர்டுகளில் டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரண்டு வகையும் உண்டு. ஒரே பெயரில் இரண்டும் வரும், மாடல் பெயரின் கடைசியில் 'டி4' அல்லது 'டிடிஆர்4' இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் ரேம் வகையைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். இரண்டு வகை ரேமிலும் பள்ளம் வேறு வேறு இடத்தில் இருக்கும், மாற்றிச் செருக முடியாது. ஏஎம்டியில் ஏஎம்4 சாக்கெட் முழுக்க டிடிஆர்4. அதன் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-உம் இன்டெல்லின் எல்ஜிஏ 1851-உம் டிடிஆர்5 மட்டுமே.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால் ஏஎம்4-இல் ரைசன் 5 5600ஜி-யும் பி550 போர்டும் நல்ல ஜோடி. 'ஜி' இல்லாத 5600-இல் டிஸ்ப்ளே வராது. இன்டெல்லில் எழுத்து தலைகீழாக வேலை செய்யும், கடைசியில் 'எஃப்' இருந்தால் உள் கிராபிக்ஸ் கிடையாது. விலை குறைவு என்று 'எஃப்' பிராசஸரை வாங்கிவிட்டு போர்டின் எச்டிஎம்ஐ போர்ட்டில் கேபிளைச் செருகிக் காத்திருப்பவர்கள் இன்றும் எனக்கு எழுதுகிறார்கள்.

அப்புறம் பிராசஸரைக் குளிர்விக்கும் பழைய கூலர். எல்ஜிஏ 1155-இலிருந்து 1200 வரை கூலர் மாட்டும் துளைகளுக்கு இடையே 75 மி.மீ., 1700-இல் 78 மி.மீ. அந்த மூன்று மில்லிமீட்டரை அழுத்திச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய போர்டு வாங்கும்போது எதைப் பார்ப்பது? (செங்கல்பட்டு)

சாக்கெட்டை. மூடியைத் திறந்து, மொபைல் டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். ஆயிரத்துச் சொச்சம் பின்களும் ஒரே வரிசையாக மின்ன வேண்டும். எங்காவது ஒரு புள்ளி மட்டும் மங்கலாகவோ, வேறு திசையில் பளிச்சென்றோ தெரிந்தால் அந்தப் பின் வளைந்திருக்கிறது. நிமிர்த்தித் தருகிறேன் என்பார்கள், அடுத்த போர்டைக் காட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் திருப்பி, ஈயம் வைத்த இடத்தில் பிசின் கறை இருந்தால் ரிப்பேர் ஆனது. துரு இருந்தால் தண்ணீர் பட்டது.

உங்கள் பிராசஸரையும் ரேமையும் கையோடு எடுத்துப் போய், கடையிலேயே மாட்டி பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங் திரை) வரைக்கும் போங்கள். எல்லா ரேம் ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஒரு ஸ்லாட் மட்டும் செத்த போர்டு நிறைய சுற்றுகிறது. கேபினெட் பின்பக்கம் பொருத்தும் ஐஓ தகட்டைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள், பிறகு தனியாகத் தேடினால் அந்த மாடலுக்குக் கிடைப்பது சிரமம்.

பில் போடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பழைய பேரலல் போர்ட்டில் ஓடுகிறது. புது போர்டில் அது இல்லையே? (சிவகாசி)

பின்பக்கம் இல்லாவிட்டாலும், சில எச்610 (எல்ஜிஏ 1700 வகை) போர்டுகளில் உள்ளே எல்பிடி (பேரலல் போர்ட்டின் இன்னொரு பெயர்) என்று எழுதிய பின்களின் வரிசை இருக்கும். பிராக்கெட்டோடு வரும் கேபிளை அதில் மாட்டிக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டு. யுஎஸ்பி கன்வர்ட்டர் கேபிள் கடைசி வழி. பழைய டாஸ் பில்லிங் மென்பொருள் நேரடியாக எல்பிடி1-ஐத் தேடினால் அந்தக் கேபிள் மக்கர் செய்யும்.

போர்டை மாற்றினால் விண்டோஸும் ஃபைல்களும் போய்விடுமா? (தஞ்சாவூர்)

ஃபைல்கள் டிஸ்க்கில் இருக்கின்றன, போகாது. கணினியோடு வந்த விண்டோஸ் லைசென்ஸ் அந்த போர்டோடு கட்டுண்டது, தனியாக வாங்கிய ரீடெயில் லைசென்ஸ் என்றால் புது போர்டுக்கு மாற்றலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருந்தால் போர்டு மாறியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். பல கணினிகளில் நீங்கள் ஆன் செய்யாமலே அது ஆகியிருக்கும். போர்டைக் கழற்றும் முன், வேறொரு கணினியிலோ மொபைலிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.