கேமோ உடை: கையில் எடுத்துப் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: பறவைகளையும் மான்களையும் படம் எடுக்கப் பழகி வருகிறேன். அதற்கு, சுற்றுப்புறத்தோடு கலந்து ஆளை மறைக்கும் கேமோ உடை ஒன்று வாங்க வேண்டும். இலை, கிளைகளை அப்படியே அச்சிட்ட துணி ஒன்று இருக்கிறது. சின்னச் சின்னக் கட்டங்களாலான 'டிஜிட்டல்' டிசைன் இன்னொன்று. டிஜிட்டல்தான் நவீனமானது, நன்றாக மறைக்கும் என்று சொல்லி அதற்குக் கூடுதல் விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கட்டங்களுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

ஓர் உருவத்தைக் கண் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அதன் விளிம்பை வைத்துத்தான். தலை, தோள், கை என்ற வடிவம் தெரிந்துவிட்டால் நிறம் எவ்வளவு பொருந்தினாலும் பயனில்லை. அதனால் நல்ல டிசைனில் இரண்டு அளவுகள் சேர்ந்திருக்கும். வெளிறியதும் கருத்ததுமான பெரிய திட்டுகள் தோளையும் மார்பையும் துண்டு துண்டாக வெட்டிக் காட்டும். அவற்றின் ஓரங்களில் இருக்கும் சிறு புள்ளிகள், கிட்டத்தில் பார்க்கும்போது இலை, நிழல், சருகின் சொரசொரப்போடு கலந்துவிடும். கனடா ராணுவத்தின் கேட்பேட், அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் மார்பேட் ஆகிய டிசைன்களில் கட்டங்கள் வந்தது இந்த வேலைக்குத்தான்.

கட்டம் இருந்தால் போதும் என்பதற்கு எதிரான உதாரணமும் உண்டு. காடு, பாலைவனம், நகரம் எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்று அமெரிக்கத் தரைப்படை 2004-ல் ஒரு சாம்பல் நிற டிஜிட்டல் சீருடையை அறிவித்தது. நிறங்களுக்குள் வேறுபாடு குறைவு என்பதால் கொஞ்சம் தள்ளிப்போனாலே அது ஒரே வெளிர்நிறமாகத் தெரிந்தது. 2010-ல் ஆப்கானிஸ்தானில் இருந்த வீரர்களுக்கு, கட்டங்களே இல்லாத மல்டிகேம் டிசைனைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இலை அச்சிலும் இதே சிக்கல் வரும். கையில் எடுத்துப் பார்த்தால் அசல் இலை மாதிரியே இருக்கும். எட்டப் போனால் எல்லாம் குழம்பி ஒரு கரும்பச்சை ஆளாக நிற்பீர்கள். ஆகவே உடையைத் தொங்கவிட்டு, முப்பது நாற்பது அடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். போனில் கறுப்பு வெள்ளைப் படமும் எடுத்துப் பாருங்கள். அதிலும் திட்டுகள் தனித்தனியாகத் தெரிந்தால் வாங்கலாம். அப்புறம், நீங்கள் போகும் இடத்தில் கோடையில் காய்ந்த புல்தான் என்றால் பச்சையே வேண்டாம், பழுப்பு எடுங்கள்.

மானுக்குச் சிவப்பு, ஆரஞ்சு நிறங்கள் சரியாகப் பிரித்துத் தெரியாது, ஆனால் நீலம் நன்றாகத் தெரியும். பறவைகள் நிறம் பார்ப்பதில் நம்மை மிஞ்சியவை. பலவற்றுக்குப் புற ஊதா ஒளியும் தெரியும். 'பளிச்' என்று வெளுக்கும் சலவைத்தூளில் உள்ள ஒளிர்வுப் பொருள் புற ஊதாவை வாங்கி நீல ஒளியாக விடுவதால், துவைத்த உடை அவற்றின் கண்ணில் எடுப்பாகத் தெரிய வாய்ப்புண்டு. அது இல்லாத சோப்பாகப் பாருங்கள்.

மிச்சமாகும் பணத்தில் முகமூடித் துணியும் கையுறையும் வாங்குங்கள். அசையும் கையும் வெறும் முகமும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். வெளிநாட்டுப் பயணத்துக்கு எடுத்துப்போவதாக இருந்தால், அந்த நாட்டுச் சட்டத்தை முன்பே பார்த்துவிடுங்கள். பார்படோஸ், ஜமைக்கா போன்ற நாடுகளில் பொதுமக்கள் கேமோ உடை அணியத் தடை இருக்கிறது.