அமெரிக்க மதுவிலக்கின்போது பட்வைசர் குடும்பம் எப்படித் தாக்குப்பிடித்தது? ஆல்கஹால் இல்லாத பீர் விற்றா?

பாதிதான் உண்மை. குடிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். தயாரிப்பு முறை தெரியாமல் இந்தக் கணக்கு புரியாது.

பட்வைசர் பீரைத் தயாரித்த செயின்ட் லூயிஸின் புஷ் குடும்பத்துக்கு அடி முதலில் முதல் உலகப் போரில்தான் விழுந்தது. ஆலையை வளர்த்த அடால்ஃபஸ் புஷ்ஷின் மனைவி லில்லி போர்க்காலத்தில் ஜெர்மனியில் இருந்தார். 1918-ல் திரும்பியவரை ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட் துறைமுகத்தில் உடல் சோதனை செய்தார்கள். சொத்தையும் அரசு எடுத்து வைத்துக்கொண்டது. அந்த ஊரின் பெர்லின் அவென்யூவையே அமெரிக்கத் தளபதி பெர்ஷிங் பெயருக்கு மாற்றினார்கள். தெருப்பெயர் என்ன பாவம் செய்தது? இதற்கிடையே 1917 டிசம்பரில் பீருக்கான தானியம் 30% குறைக்கப்பட்டது. 1920-ல் மதுவிலக்கு வந்ததும் பானத்தில் ஆல்கஹால் 0.5%-ஐ எட்டவே கூடாது என்றானது.

அப்படி ஆல்கஹாலற்ற பீர் செய்ய, முதலில் முழு பீரையே காய்ச்ச வேண்டும். பிறகு ஆல்கஹாலை ஆவியாக்க வேண்டும். திறந்த பாத்திரத்தில் கொதித்தால், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் மணமும் சேர்ந்து போய்விடும், வெந்த வாடை வரும். வெற்றிடத்தில் செய்தால் குறைந்த சூடே போதும். போன வாயுவைத் திரும்ப ஏற்ற வேண்டும். காக்க ஆல்கஹால் இல்லாததால், பாட்டிலை 60 டிகிரியில் சூடாக்காவிட்டால் கெட்டுவிடும். இவ்வளவு செலவுக்குப் பிறகும் கள்ளச்சந்தையில் நிஜ பீர் கிடைத்தபோது இதை யார் வாங்குவார்கள்? 1916-ல் வந்த அவர்களுடைய ஆல்கஹாலற்ற பானம் ‘பீவோ’ 1929-ல் நின்றது.

காசு வந்தது மால்ட் பாகிலும் ரொட்டி ஈஸ்டிலும். மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, 65 டிகிரி வாக்கில் வெந்நீரில் ஊறவைத்து வடித்து, ஹாப்ஸ் சேர்த்துக் காய்ச்சி, நீர் 20% ஆகும்வரை சுண்டவைத்தால் பாகு. ஆலையில் நீரைச் சுண்டவைக்கும் கருவி ஒன்றைச் சேர்த்தால் போதும். சமையலுக்கு என்று விற்ற மூன்று பவுண்டு டின்னோடு சுமார் 20 லிட்டர் தண்ணீர், சர்க்கரை, ஈஸ்ட் சேர்த்து ஜனங்கள் வீட்டிலேயே பீர் போட்டார்கள். நொதித்தல் முடியுமுன் அடைத்தால் பாட்டில் வெடிக்கும். ஈஸ்ட்டுக்கோ குளிரூட்டிய போக்குவரத்து வேண்டும். அது பீர்க்காரர்களிடம் ஏற்கெனவே இருந்தது. முதலீடில்லாத சிறு குடும்ப ஆலைகளால் இது முடியவில்லை. அவற்றைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை.

ஆனாலும் ஆல்கஹாலற்ற பீர் வீணில்லை. 3.2% வரை ஆல்கஹால் உள்ள பீரை அனுமதிக்கும் சட்டம் 1933 மார்ச் 22-ல் கையெழுத்தாகி, ஏப்ரல் 7-ல் விற்பனை தொடங்கியது. குளிரில் வாரக்கணக்கில் முதிரும் லாகர் வகை பீருக்கு அந்த இடைவெளி போதாது. ஆல்கஹாலற்ற பீருக்காகத் தொட்டியில் ஏற்கெனவே முழு பீர் வைத்திருந்தவர்களால்தான் அன்றே விற்க முடிந்தது. அவர்கள் ஆல்கஹால் நீக்கும் படியை விட்டால் போதுமாயிருந்தது.