மறுமொழி: எண்ணூர் - பழவேற்காடு கயாக், ஒரு ராத்திரி கூடாரம்

தம்பி, தண்டையார்பேட்டையிலிருந்து ரெண்டு பேர், காத்து நிரப்புற கயாக் (சின்னத் துடுப்புப் படகு), எண்ணூரில் இறக்கி பழவேற்காடு வரை, 6 லிட்டர் தண்ணி போதுமான்னு கேட்டிருக்கீங்க. போதாது. வழியெல்லாம் உப்புத்தண்ணி, காய்ச்சினாலும் குடிக்க முடியாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர், ரெண்டு பேருக்கு ரெண்டு நாளைக்கு மொத்தம் 20.

அதைவிட, எண்ணூரில் இறக்கவே வேண்டாம். அனல்மின் நிலையச் சாம்பல் படிஞ்சு கழிமுகம் பல இடத்துல முழங்கால் ஆழம்தான். வத்தம் (கடல் தண்ணி வடியுறது) ஆரம்பிச்சா படகு சேத்துல உக்காந்துடும். இறங்கித் தள்ளினா இடுப்பு வரை புதையலாம், சிப்பி ஓடு காலையும் கிழிக்கும், ரப்பரையும் கிழிக்கும். மாட்டிக்கிட்டா படகிலேயே இருந்து அடுத்த ஏத்தத்துக்கு (தண்ணி மறுபடி ஏறுறதுக்கு) காத்திருங்க. சுமார் ஆறு மணி நேரம், சில சமயம் அதுக்கு மேலயும் ஆகும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி வத்தம் இன்னும் கீழே போகும்.

பொன்னேரி வழியா வண்டியில பழவேற்காடு போங்க. அந்த ஏரி பறவைகள் சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாம தீவுல கூடாரம் போடாதீங்க. ஊருக்குள்ள தங்கி, விடியக்காலை இறக்கி, 10 மணிக்குள்ள கரை ஏறுங்க. அதுக்கப்புறம் கடல்காத்து கிளம்பினா காத்தடிச்ச படகு காகிதம் மாதிரி ஓடும்.

முகத்துவாரம் (ஏரி கடலோட சேர்ற இடம்) பக்கம் போகவே போகாதீங்க, வத்தத்துல கடலுக்கு இழுத்துடும். 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு பழவேற்காட்டுல படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப் போனாங்க. லைஃப் ஜாக்கெட் கழட்டாதீங்க. மீனவர் வலைக்கம்பைச் சுத்திப் போங்க, குறுக்கே போகாதீங்க.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். பூண்டி ஏரியைத் திறந்தா கொசஸ்தலை ஆறு பொங்கும். ஜனவரி, பிப்ரவரி பாருங்க, பூநாரையும் இருக்கும்.