காம்பில் நிற்கும் முட்டை: வாசகர் கேள்விகள்

கேள்வி: கொய்யா இலையின் அடிப்பக்கம் முடி போன்ற இழைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளைப் புள்ளி. பூஞ்சணமா? மருந்தடிக்கலாமா? (திண்டுக்கல் வாசகி)

பதில்: பூஞ்சணம் இல்லை, மருந்தும் வேண்டாம். அவை பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். தாய்ப்பூச்சி வயிற்று நுனியை இலையில் ஒற்றி ஒரு சொட்டுப் பசை வைத்துவிட்டு வயிற்றை மேலே தூக்கும். பசை இழையாக நீண்டு காற்றில் இறுகியதும் அதன் தலையில் முட்டையை வைக்கும். இலையில் ஊரும் எறும்புக்கு முட்டை எட்டாது. முதலில் பொரிக்கும் புழு பக்கத்து முட்டையைத் தின்பதும் குறையும்.

நிறத்தைப் பாருங்கள். புது முட்டை இளம்பச்சையாக இருக்கும், பொரிக்கும் முன் சாம்பல் நிறமாகும். நீங்கள் பார்த்தது வெள்ளை என்றால் பெரும்பாலும் அது வெற்று ஓடுதான். புழுக்கள் இறங்கி அசுவினி வேட்டைக்குப் போயிருக்கும். கொரியாவிலும் சீனாவிலும் இதே முட்டைகள் புத்தர் சிலைமேல் தென்பட்டபோது, 3000 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் உதும்பர மலர் என்று கூட்டம் கூடியிருக்கிறது!

கேள்வி: தென்னையில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈக்காக இந்தப் பூச்சியின் முட்டை வாங்கிக் கட்டினோம். பலன் தெரியவில்லை. எங்கே தவறு? (ஆனைமலை விவசாயி)

பதில்: 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் இந்த ஈ தென்பட்டதிலிருந்து பலரும் கேட்பது இது. முதலில் இனத்தைச் சரிபாருங்கள். தென்னை வெள்ளை ஈக்குப் பரிந்துரைப்பது அபெர்டோகிரைசா ஆஸ்டர், ஏக்கருக்கு 400 முட்டை.

இனம் சரியாக இருந்தும் பலன் இல்லையென்றால், தாமதத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். முட்டை 3, 4 நாளில் பொரித்துவிடும். பொட்டலம் வீட்டில் இரண்டு நாள் கிடந்தால் முதலில் வந்த புழு மற்றவற்றைத் தின்று தீர்க்கும், நீங்கள் கட்டுவது முட்டை ஒட்டி வந்த வெறும் காகித அட்டை. வாங்கிய அன்றே, வெயில் தாழ்ந்தபின், அட்டையைத் துண்டுகளாக நறுக்கி, ஈ அடைந்திருக்கும் கீழ்மட்டைகளின் ஓலை அடிப்பக்கத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்து விடுங்கள். அடிமரத்தில் கட்டினால் புழு ஏறி வருவதற்குள் எறும்பு முடித்துவிடும்.

அடுத்தது வேலைகளின் வரிசை. விசைத்தெளிப்பானால் ஓலையைக் கழுவுவது, ஈயின் இனிப்புக் கசிவில் படரும் கரும்பூஞ்சணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்து அடிப்பது எல்லாம் முட்டை கட்டுவதற்கு முன்பே முடிய வேண்டும். பின்னால் செய்தால் முட்டையும் புழுவும் சேர்ந்தே போகும். பைரித்ராய்டு வகை மருந்து அடித்த தோப்பில் கட்டுவது வீண்செலவு.

கேள்வி: ஓலையில் ஊரும் புழுவின் முதுகில் ஒரு பஞ்சு மூட்டை இருக்கிறது. நோயா? (அதே வாசகர்)

பதில்: நோயில்லை, வேஷம். தின்று முடித்த ஈயின் மெழுகையும் தோலையும் முதுகு முடிகளில் செருகிக்கொண்டு திரியும். மாவுப்பூச்சி என்று நினைத்து நசுக்கிவிடாதீர்கள். முன்னால் வளைந்த இரண்டு கொம்புபோல் தாடைகள் நீட்டியிருந்தால் அது நம்முடையது. ஒவ்வொரு தாடையும் உள்ளே ஒரு குழல். இரையைக் குத்தி, செரிமான நீரைச் செலுத்தி, உள்ளே கரைந்ததை உறிஞ்சும். புழுப் பருவத்தில் குடல் கடைசிவரை திறந்திருப்பதில்லை. அதனால் சேர்ந்த கழிவெல்லாம் பூச்சியான பிறகே ஒரே உருண்டையாக வெளியேறும்.

இந்த மூட்டை சுமக்கும் பழக்கம் மிகப் பழையது. ஸ்பெயினின் எல் சோப்லாவ் என்ற இடத்து அம்பரில் (கல்லாய் இறுகிய மரப்பிசின்), சுமார் 11 கோடி ஆண்டுக்கு முந்தைய புழு ஒன்று செடி முடிகளைச் சுமந்தபடியே கிடைத்தது. 2012-ல் அதற்கு ஹல்லூசினோகிரைசா என்று பெயர் வைத்தார்கள்.

கேள்வி: மணலில் குழி பறிக்கும் குழியானைக்கும் இதற்கும் உறவா?

பதில்: ஆம், இரண்டும் நியூரோப்டீரா என்ற பூச்சி வரிசை. சுமார் 6000 இனங்கள் கொண்ட குடும்பங்களின் கூட்டம். நன்னீர்ப் பஞ்சுயிரியை உறிஞ்சுவதும், சிலந்தியின் முட்டைப் பைக்குள் வளர்வதும் இதில் உண்டு. இதே வரிசையில், ஜுராசிக் காலத்தில் வாழ்ந்து அழிந்த கலிகிராமாட்டிடு பூச்சிகள் இறக்கையில் கண்புள்ளியும் நீண்ட உறிஞ்சுகுழலுமாக, வண்ணத்துப்பூச்சி வரும் முன்பே அந்த வேடத்தில் இருந்தன.

கேள்வி: பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி ஒன்றின் பெயர் பழைய புத்தகத்தில் கிரைசோபெர்லா கார்னியா, புதியதில் கிரைசோபெர்லா சாஸ்ட்ரோவி சில்லெமி. எது சரி?

பதில்: நம் நாட்டுப் பூச்சிக்குப் புதியதுதான் சரி. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆணும் பெண்ணும் வயிற்றை ஆட்டி இலையை அதிரவைத்துப் பேசிக்கொள்ளும். அந்தத் தாளம் இனத்துக்கு இனம் வேறு, பொருந்தாவிட்டால் ஜோடி சேராது. பிரித்தது அதை வைத்துத்தான்.

கேள்வி: விட்ட பூச்சி தோட்டத்தில் தங்க என்ன செய்யலாம்?

பதில்: கிரைசோபெர்லாவின் வளர்ந்த பூச்சி வேட்டையாடாது. மகரந்தம், தேன், அசுவினியின் இனிப்புக் கசிவு போதும். வரப்பில் கொத்தமல்லியைப் பூக்க விடுங்கள், ஓரத்தில் ஒரு வரிசை மக்காச்சோளம் போடுங்கள். இரவில் நடமாடும் பூச்சி என்பதால் களத்து விளக்கை அணைத்து வையுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறியில் இதுவும் மாட்டும். முட்டை கட்டிய மரங்களுக்கு அருகில் பொறி வேண்டாம்.